சேரும்போது வலி, கவனப் பயிற்சி, கஞ்சா மருந்து: மலையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் பெண்களுக்கான பிசியோதெரபி செய்கிறேன். சீட்டில் "இடுப்பு வலி" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களில் பலர், கதவைச் சாத்திய பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள்: உடலுறவின்போது வலிக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கொஞ்ச காலமாக அதோடு கஞ்சாவும் சேர்ந்துகொண்டது. இணையத்தில் ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, "தியானமும் கஞ்சாவும் சேர்ந்தா இந்த வலி போயிடுமாமே?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் இந்தத் தொகுப்பு.

நான் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றி இங்கே சொல்வதை உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான முன்னறிவாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். யார் கேட்டது என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

"புதுசுல எல்லாருக்கும் வலிக்கத்தானே செய்யும்? போகப்போகச் சரியாயிடும்னு எங்கம்மா சொல்றாங்க."

முதல் சில தடவை பயத்தாலும் அவசரத்தாலும் லேசான எரிச்சலும் இறுக்கமும் இருப்பதுண்டு. அது நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறையாவிட்டாலும், பல வருடம் இல்லாத வலி திடீரென்று வந்தாலும், ராத்திரி நெருங்கினாலே வயிற்றைக் கலக்கினாலும், பொறுத்துப் போகாதீர்கள். பார்த்துச் சரிசெய்ய வேண்டியது அது.

அம்மா பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் இதைக் கேட்டுக்கொள்ள ஆளில்லை. "சரியாயிடும்" என்பதுதான் கையிலிருந்த ஒரே வைத்தியம்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா என்ன சொல்றது? வலிக்குது, அவ்வளவுதான்."

இடம் தெரிந்தால் பாதி காரணம் தெரிந்துவிடும். டாக்டரிடம் போகுமுன் இரண்டு விஷயத்தைக் கவனித்து வையுங்கள். வலி யோனி வாசலிலா, ஆழத்திலா? தொடங்கும்போதா, நடுவிலா, முடிந்த பிறகா?

வாசலில் எரிந்தால் காய்ந்திருப்பது, பூஞ்சைத் தொற்று, தோல் நோய், பிரசவத் தையல் போட்ட தழும்பு ஆகியவை முதலில் நினைவுக்கு வர வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துவிடும். நாற்பத்தெட்டு, ஐம்பது வயதில் வருகிறவர்கள் "இந்த வயசுல இதெல்லாம் கேக்கலாமா" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அவர்களில் பலருக்கு வேண்டியது டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் ஒரு வழவழப்பு ஜெல்லும்தான். "உள்ளேயே போகல, சுவத்துல முட்டுற மாதிரி இருக்கு" என்று சொன்னால், யோனியைச் சுற்றியுள்ள அடியிடுப்புத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்று சந்தேகப்பட வேண்டும். ஆழத்தில் குத்தினால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), கர்ப்பப்பைக் கட்டி, சூலக நீர்க்கட்டி, இடுப்புக்குழித் தொற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தீராத மலச்சிக்கலும் இதைச் செய்யும், அதைச் சொல்ல யாரும் நினைப்பதில்லை.

"டாக்டர் பார்த்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னுட்டாங்க. அப்ப இது என் மனசுலதான் இருக்கா?"

ஸ்கேனில் கட்டி தெரியும், நீர்க்கட்டி தெரியும். தசை இறுகியிருப்பதோ நரம்பு கூசுவதோ தெரியாது. எண்டோமெட்ரியோசிஸ்கூடச் சாதாரண ஸ்கேனில் பிடிபடாமல் போவதுண்டு. வாசலில் மட்டும், தொட்டால் மட்டும் எரிகிற ஒரு வகை வலி இருக்கிறது, வெஸ்டிபுலோடினியா என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. ஒரு பஞ்சுக்குச்சியால் வாசலைச் சுற்றி மெல்லத் தொட்டு எங்கே சுருக்கென்கிறது என்று பார்த்தால் போதும். ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு வலியில்லை என்று அது சொல்லவில்லை.

மனதுக்கும் இதில் பங்குண்டு, ஆனால் நீங்கள் பயப்படுகிற விதத்தில் இல்லை. காட்ரோட்டில் கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்பே கை தானாக முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறதல்லவா, ஒருமுறை வலித்த உடம்பும் அப்படித்தான். வலி வருமுன்பே தசை இறுகுகிறது, இறுகிய தசையில் உராய்வதால் இன்னும் வலிக்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் இறுகுகிறது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம், முன்பு வஜைனிஸ்மஸையும் உடலுறவு வலியையும் தனித்தனியாக வைத்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். வலி, பயம், இறுக்கம் மூன்றும் நடைமுறையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இன்னொன்று. யூடியூப் பார்த்துக் கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கப் பழக்குவது அது. உங்கள் தசை தளர வேண்டும்.

"மைண்ட்ஃபுல்னஸ்னு சொல்றீங்களே, தியானம்தானே? எனக்கு உக்காந்தா அடுப்புல வச்ச பால்தான் ஞாபகம் வருது."

பால் ஞாபகம் வரட்டும். வந்தது என்று தெரிந்து, மறுபடி மூச்சுக்குத் திரும்பி வருகிறீர்கள் அல்லவா, அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. மனதைக் காலியாக்கச் சொல்லவில்லை. இப்போது உடம்பில் என்ன நடக்கிறதோ அதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது, கவனப் பயிற்சி என்பது அவ்வளவே.

ஆஸ்பத்திரிக்குள் இது நுழைந்தது 1979இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வலிக்காரர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கினார். அதை உடலுறவு வலிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் வான்கூவரில் இருக்கும் லோரி பிராட்டோ. வெஸ்டிபுலோடினியா உள்ள 130 பெண்களை இரண்டு குழுவாக்கி, ஒன்றுக்குக் கவனப் பயிற்சி சார்ந்த சிகிச்சை, மற்றதற்கு எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை என்று எட்டு வாரம் கொடுத்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுமே பலன் தந்தன. சேரும்போது வரும் வலியைக் குறைத்ததில் கவனப் பயிற்சி ஒரு படி முன்னே நின்றது.

"வலியவே கவனிச்சுக்கிட்டிருந்தா வலி கூடத்தானே செய்யும்?"

என்னிடம் வருகிறவர்கள் கேட்பதிலேயே நல்ல கேள்வி இது. வலி என்று நாம் சொல்வதில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, உடம்பு சொல்லும் செய்தி: எரிகிறது, இழுக்கிறது, குத்துகிறது. இன்னொன்று, அதன் மேல் ஏறிக்கொள்ளும் வேதனை: "ஐயோ மறுபடியும் வந்துடுச்சே, இன்னிக்கும் இப்படித்தானா, அவர் என்ன நினைப்பார்." பதறிக்கொண்டு கவனித்தால் இரண்டாவது பங்குதான் பெருகும். பதற்றமில்லாமல் கவனிக்கப் பழகினால் அது இறங்கும்.

அமெரிக்காவில் 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை அளந்து காட்டியது. நான்கு நாள் மட்டும் கவனப் பயிற்சி பெற்ற 15 பேரின் காலில் சூடு வைத்துப் பார்த்தார்கள். வலியின் அளவு 40 சதவீதமும், அதன் வேதனை 57 சதவீதமும் குறைந்தன. ஆரோக்கியமானவர்கள், ஆய்வகச் சூடு. உங்கள் வலிக்கு இதே கணக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேதனை என்பது தனியாக இறங்கக்கூடிய ஒன்று என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

"சரி, என்ன செய்யணும்னு சொல்லுங்க. ராத்திரி அந்த நேரத்துலயா?"

அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். நீச்சலை வெள்ளத்திலா கற்றுக்கொள்வோம்? பகலில், தனியாக, கால் மணி நேரம் போதும்.

கொடைக்கானல் குளிரில் முதல் வேலை உடம்பைச் சூடாக்குவது. மார்கழியில் நடுங்கிக்கொண்டே படுத்தால் எந்தத் தசையும் தளராது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கீழே இரண்டு தலையணை கொடுங்கள். ஒரு கை வயிற்றின் மேல். மூச்சு உள்ளே போகும்போது வயிறு கையைத் தூக்கும். அப்போது உதரவிதானம் கீழே இறங்குவதோடு அடியிடுப்புத் தசையும் சற்றே கீழே இறங்கும். முக்கக் கூடாது, இறங்குவதைப் பார்த்தால் போதும். மூச்சு வெளியே வரும்போது ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு தாடையைப் பாருங்கள். பல் பல்லோடு கடித்துக்கொண்டிருக்கும். கால் விரல் சுருண்டிருக்கும். தொடை இரண்டும் ஒன்றையொன்று தேடும். நான் பார்த்தவரையில், தாடை தளர்ந்தால்தான் கீழே தளர்கிறது.

இது சில வாரம் பழகிய பிறகு அடுத்த கட்டம்: உங்கள் விரல் அல்லது மிகச் சிறிய டைலேட்டர் (வாசலை மெல்லப் பழக்கும் வழவழப்பான குழல்), தாராளமாக ஜெல். பத்துக்கு மூன்றைத் தாண்டி வலித்தால் அங்கேயே நிறுத்தி, உணர்வதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள், எரிச்சலா, இழுப்பா, துடிப்பா என்று. ஐந்தாறு மூச்சு. குறைந்தால் தொடருங்கள், குறையாவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். அதன் பிறகுதான் துணைவரின் கை, அதுவும் தோள், முதுகு, தொடை என்று. அந்த வாரங்களில் உறவு கிடையாது என்று இருவரும் முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் அரை நூற்றாண்டுக்கு முன்பு வகுத்த தொடுதல் பயிற்சியின் உயிர்நாடி இந்தத் தடைதான். "இது எங்கே போய் முடியுமோ" என்ற பயம் இல்லாதபோதுதான் தொடுதலை உடம்பு தொடுதலாக ஏற்கிறது.

"நாங்க இருக்குறது லைன் வீடு. ஒரே ரூம், ரெண்டு புள்ளைங்க, பக்கத்து வீட்டுல தும்முனா கேக்கும். இதுல எங்க கவனிக்கிறது?"

உங்கள் வலிக்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். சத்தம் வரக்கூடாது, பிள்ளை முழித்துவிடக் கூடாது, சீக்கிரம் முடிய வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன இறுக்கம் கூடத்தான் செய்யும். உடம்பு ஈரமாகவும் தளரவும் நேரம் வேண்டும், அந்த நேரமே கிடைப்பதில்லை. இதைத் தனி மனிதக் குறையாகப் பேசும் புத்தக அறிவுரைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன ஞாயிறல்லாத விடுப்பு நாள் ஒன்று இருவருக்கும் சேர்ந்து அமைந்தால் அந்தப் பகல் உங்களுடையது. பயிற்சிக்கு மட்டுமென்றால் படுக்கைகூட வேண்டாம். காபித் தோட்டத்தில் கூடையை இறக்கி வைத்து உட்காரும் ஐந்து நிமிடத்தில் தாடையையும் மூச்சையும் கவனிக்கலாம், யாருக்கும் தெரியாது.

"பெருமாள்மலை போதி ஜெண்டோவுல போய் உக்காந்தா சரியாகுமா?"

இயேசு சபைத் துறவியும் ஜென் ஆசிரியருமான அமா சாமி 1996இல் தொடங்கிய நல்ல தியான மையம் அது. மௌனமாக உட்காரக் கற்றுக்கொள்ள விரும்பினால் போங்கள். அங்கே உடலுறவு வலிக்குச் சிகிச்சை தருவதில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்ன வயதில் உடல்ரீதியான அத்துமீறல் நடந்தவர்கள் நீண்ட மௌனப் பயிற்சிக்குப் போகுமுன் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசிவிடுவது நல்லது. கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கும்போது பழையது கிளம்பி வரலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416, தமிழில் பேசுவார்கள்.

"வெளிநாட்டுல டாக்டரே கஞ்சா எழுதிக் குடுக்குறாங்களாம். இங்க வட்டக்கானல்ல பொட்டலமாவே விக்குது. ரெண்டும் ஒண்ணுதானே?"

செடி ஒன்று. பொருள் வேறு. மருத்துவக் கஞ்சா என்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கொடுப்பதில், செடியின் இரண்டு முக்கிய வேதிப்பொருட்களான டிஎச்சி எத்தனை மில்லிகிராம், சிபிடி எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். பூச்சிமருந்தும் பூஞ்சையும் சோதித்திருப்பார்கள். டிஎச்சிதான் போதை தருவது, வலி உணர்வை மாற்றுவதும் பெரும்பாலும் அதுவே. சிபிடி போதை தராது. பொட்டலத்தில் எது எவ்வளவு என்று விற்கிற பையனுக்கே தெரியாது. வலிக்கு மருந்து என்றால் அளவு வேண்டும், பொட்டலத்துக்கு அளவு கிடையாது.

"சட்டப்படி என்ன நிலைமை? கொஞ்சூண்டு வச்சிருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்றாங்க."

தப்பு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியான கஞ்சாவும், அதன் பிசினும் தடை. கஞ்சாவில் ஒரு கிலோ வரை "சிறிய அளவு" என்பது உண்மைதான், ஆனால் அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உட்கொண்டதற்குத் தனியாக ஆறு மாதம் வரை உண்டு. வலிக்காக என்று சொன்னாலும் போலீஸ் வழக்கு வழக்குதான்.

தனி இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராது. அந்த இடைவெளியில்தான் வட மாநிலங்களில் அந்த இலையை அரைத்த "பாங்" விற்கும் கடைகள் நடக்கின்றன, தமிழ்நாட்டில் அப்படிக் கடை கிடையாது. ஆயுர்வேத உரிமத்தில் "விஜயா" என்ற பெயரில் வரும் இலைச்சாறு எண்ணெய்களும் அதே வழியில்தான் வருகின்றன. 2020 டிசம்பரில் ஐநா ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதை வைத்து "இந்தியாவுல லீகல் ஆயிடுச்சு" என்று ஒரு வாட்ஸப் செய்தி இன்னும் சுற்றுகிறது. நம் சட்டம் அதனால் மாறவில்லை.

"சித்த மருத்துவத்துலயே இருக்கே அக்கா, அப்புறம் என்ன?"

இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான விதிகளில் நச்சுத்தன்மை உள்ள பொருட்களுக்கென்று இ1 என்ற அட்டவணை உண்டு, கஞ்சா அதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டது சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதித் தந்தால் அது வைத்தியம். லேகியம் என்று டப்பாவில் போட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பது வேறு.

குப்பியைக் கையில் எடுத்தால் உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உள்ளே என்ன எவ்வளவு என்ற வரி, அந்த எச்சரிக்கை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். "கஞ்சா விதை எண்ணெய்" என்று மட்டும் இருந்தால் அது சமையல் எண்ணெய் மாதிரிதான். விதையை உணவாக 2021இல் அனுமதித்துவிட்டார்கள், அதில் டிஎச்சியோ சிபிடியோ சொல்லும்படி இருக்காது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அதை வலிக்கென்று வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"சட்டத்தை விடுங்க. உண்மையில வலி குறையுமா?"

சிலருக்குக் குறைகிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஆஸ்திரேலியப் பெண்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளில், பயன்படுத்தியவர்கள் பலர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது தானே எடுத்துக்கொண்டவர்கள் தானே சொன்னது. பெரிய அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கு இது பலன் தருவதற்குக் கணிசமான சான்று உண்டு என்றது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021இல், சான்று போதாது, பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டோம் என்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்திருக்கும் கஞ்சாப் பொருள் மருந்துகள் வலிப்பு நோய்க்கும், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும்தான். உடலுறவு வலி அந்தப் பட்டியலில் இல்லை.

என் முடிவு: காய்ந்திருப்பதற்கும், தொற்றுக்கும், இறுகிய தசைக்கும் நேரான சிகிச்சை இருக்கும்போது கஞ்சாவை நினைக்கவே வேண்டியதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் போன்றதில் எல்லாம் செய்தும் தீராதவர்கள், அது சட்டப்படி கிடைக்கும் நாட்டில் இருந்தால், டாக்டரோடு பேசுவதில் நியாயம் உண்டு. இங்கிருந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன நம் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதால் இதைச் சொல்கிறேன்.

"தியானத்தையும் அதையும் சேர்த்தா ரெட்டைப் பலன்னு அந்த வீடியோவுல சொன்னாங்களே?"

காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் 12 ஆண்களிடம் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில் டிஎச்சி வலியின் அளவைப் பெரிதாகக் குறைக்கவில்லை, அதன் வேதனையைத்தான் குறைத்தது. கவனப் பயிற்சி தொடுவதும் அதே வேதனையைத்தான் என்று மேலே பார்த்தோம். இரண்டு கையும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கட்டுமே என்று தோன்றும்.

சிக்கல் எங்கே என்றால், டிஎச்சி கவனத்தையும் உடனடி நினைவையும் கலைக்கும். கவனப் பயிற்சிக்கு மூலதனமே அவை இரண்டும்தான். ஆய்வுகளும் இதைத் தனியாக, அதைத் தனியாகப் பார்த்தவை. "பத்துக்கு மூன்று தாண்டினால் நிறுத்து" என்று சொன்னேனே, மயங்கிய உடம்பு ஏழு அளவு வலியை மூன்று என்று சொல்லும். சவ்வு கிழிந்திருப்பது மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே டாக்டர் எழுதித் தந்து எடுக்கிறவர்களும் பயிற்சியைத் தெளிந்த நேரத்திலேயே பழக வேண்டும். புது மருந்தை உறவு நாளில் முதல்முறை சோதிக்கக் கூடாது. வாயால் எடுப்பது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று அதற்குள் இன்னொரு பங்கு போட்டு, நடு ராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு.

"உள்ள தடவுற எண்ணெயா கிடைச்சா பாதுகாப்புதானே?"

போதை குறைவாக இருக்கலாம். ஆனால் எந்த எண்ணெயும், தேங்காய் எண்ணெய் உட்பட, ரப்பர் ஆணுறையைப் பலவீனப்படுத்திக் கிழித்துவிடும். ஆணுறை போட்டால் தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும். வாசனை சேர்த்த எதுவும் எரிச்சல் உள்ள இடத்துக்கு ஆகாது.

"கஞ்சாவை யார் தொடவே கூடாது?"

கர்ப்பமாக இருப்பவர், அதற்கு முயல்பவர், பால் கொடுப்பவர். டிஎச்சி தாய்ப்பாலில் இறங்கும். தனக்கோ ரத்த சொந்தத்திலோ மனச்சிதைவு இருந்தவர், இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர், இளவயதினர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கும், சில வலிப்பு மருந்துகள் எடுப்பவருக்கும் சிபிடிகூட மருந்தின் அளவை ஏற்றிவிடும். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேரவே கூடாது.

"வீட்டுக்காரர்தான் வாங்கிட்டு வந்தார். 'கொஞ்சம் இழுத்துக்கோ, வலி தெரியாது'ங்கறார். வேண்டாம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறார்."

வலி தெரியாமல் இருந்தால் யாருக்கு வசதி என்று முதலில் பாருங்கள். வலி "நிறுத்து" என்று சொல்கிறது. அதைக் கேட்காமலிருக்க ஒரு பொருளைக் கொடுப்பது உங்கள் வாயைப் பொத்துவதற்குச் சமம். மயக்கத்தில் சொன்ன சரியும் சரியாகாது. பயிற்சியும் அப்படியே: "மூச்சைக் கவனிச்சுப் பொறுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் அவருக்கு நான் சொல்லித் தருவது புரியவில்லை.

பேசிப் பாருங்கள், வேண்டுமானால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். பேச்சு மிரட்டலாக மாறினால் அது வேறு கதை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம். பெண்கள் உதவி எண் 181.

"நான் அவ புருஷன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்குறதைப் பார்த்தா எனக்கே வேண்டாம்னு தோணுது. நான் என்ன பண்ணணும்?"

இதைக் கேட்க ஒருவர் மலையேறி வந்தார். பாதி வேலை அங்கேயே முடிந்தது. "வலிக்குதா?" என்று நடுநடுவே கேட்காதீர்கள், அது அவரைப் பரீட்சை எழுத வைக்கும். முன்பே ஒரு சைகை பேசி வையுங்கள், தோளில் இரண்டு தட்டு என்றால் உடனே நிறுத்தம், விளக்கம் கேட்கக் கூடாது. நிறுத்திய பிறகு திரும்பிப் படுத்துக்கொள்ளாமல் இருங்கள். ஆண்களுக்கும் இந்த வலி வரும், முன்தோல் இறுக்கம், புராஸ்டேட் அழற்சி, அதே அடியிடுப்புத் தசை இறுக்கம் என்று. உங்களுக்கும் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எப்ப தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

உறவுக்குப் பின் ரத்தம் கண்டால், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம் வந்தால், காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வயிறு வலித்தால் அன்றே போங்கள். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். மேற்கொண்டு பார்க்கத் திண்டுக்கல்லிலும் தேனியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்கு அழைத்துக் கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உள் பரிசோதனைக்குச் சிறிய கருவி எடுக்கச் சொல்லலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம்.

"கல்யாணமாகி நாலு வருஷம். வலியால ஒருதடவைகூட முழுசா சேந்ததில்ல. மாமியார் குழந்தைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறாங்க. அங்க என்ன சொல்றது?"

உள்ளதைச் சொல்லுங்கள், அதுவும் முதல் நாளே, மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. உறவே நடக்கவில்லை என்பதைச் சொல்லாமல் குழந்தையில்லை என்று மட்டும் சொன்னால், ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன், கருக்குழாய் சோதனை, மாத்திரை என்று பணமும் மாதமும் கரைந்துகொண்டே போகும். எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாகவே வரும். அந்தக் குழாய் சோதனையே வஜைனிஸ்மஸ் உள்ளவருக்குப் பெரிய தண்டனை.

வஜைனிஸ்மஸ் சரியாகக்கூடியது. மேலே சொன்ன மூச்சு, டைலேட்டர், தொடுதல் வரிசையில் பெரும்பாலானவர்கள் மாதக் கணக்கில் தேறிவிடுகிறார்கள். வயது காரணமாகக் காத்திருக்க முடியாவிட்டால், சிகிச்சை நடக்கும்போதே விந்தணுவை நேரடியாகச் செலுத்தும் வழிகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் காலத்தில் கஞ்சா இருவருக்குமே வேண்டாம், அது விந்தணு எண்ணிக்கையையும் பாதிக்கலாம். மாமியாரிடம் என்ன சொல்வது என்றால், "டாக்டர் சில மாசம் பயிற்சி சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னால் போதும். அதை உங்கள் கணவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.